மெர்லோவை வீழ்த்தியது யார்? 'சைட்வேஸ்' திரைப்படமும் ஒயின் சந்தையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வணிக வகுப்புகளில் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'சைட்வேஸ்' என்னும் நகைச்சுவைப் படத்தில், நடுவயதைத் தொட்ட நாயகன் உணவகத்துக்குள் நுழையுமுன் நண்பனிடம் சீறுகிறான்: உள்ளே யாராவது மெர்லோ கேட்டால் நான் எழுந்து போய்விடுவேன் என்று, கூடவே ஒரு கெட்ட வார்த்தையையும் சேர்த்து. அந்த ஒரு வசனத்தால், மெர்லோ என்னும் திராட்சை வகையிலிருந்து செய்யும் சிவப்பு ஒயினின் விற்பனை கவிழ்ந்தது என்றும், அவன் போற்றிய வேறொரு வகையான பினோ நுவார் உச்சிக்குப் போனது என்றும் கதை முடியும். ஊடகத்தின் வலிமைக்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது என்பதால் ஆசிரியர்களுக்கு இது பிடித்துப்போயிற்று.

மதுரையில் மேலாளர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் நான் நடத்தும் மாலை வகுப்பில் இந்நிகழ்வு பாடமாக இருக்கிறது. வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். பலர் ஒயினைச் சுவைத்ததே இல்லை. ஆனால் பழைய கல்லூரி நண்பர்களோடு கொடைக்கானலுக்கோ மேகமலைக்கோ வண்டி ஏறியவர்கள். ஆகவே படத்தின் சந்தை விளைவைப் பேசுமுன் படத்தின் மனிதர்களை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள், அதனால் விவாதமும் வழக்கமான திசையில் போகவில்லை. மெர்லோவின் சரிவை வசனத்தின் கணக்கில் எழுதுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதும், பினோ நுவாரின் எழுச்சியே இந்நிகழ்வின் உண்மையான கேள்வி என்பதும் இந்த ஆய்வின் நிலைப்பாடு.

கதையும் களமும்

ரெக்ஸ் பிக்கெட் எழுதிய நாவலை அலெக்சாண்டர் பெய்ன் இயக்கினார். ஜிம் டெய்லருடன் சேர்ந்து அவர் எழுதிய திரைக்கதைக்கு 2005ஆம் ஆண்டு விழாவில், தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. ஏறத்தாழ 1.6 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலக அளவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இந்த வசூல் அளவை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; நன்றாக ஓடிய சிறிய படம் இது, நாட்டையே திருப்பிப் போட்ட பெரிய படம் அன்று.

பால் ஜியாமட்டி நடித்த மைல்ஸ், சான் டியாகோவில் பள்ளி ஆசிரியன். மணமுறிவின் காயம் ஆறாதவன்; ஆண்டுக்கணக்கில் எழுதிய நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. தாமஸ் ஹேடன் சர்ச் நடித்த ஜாக், கல்லூரி நாள்களில் அவனுடைய அறைத் தோழன்; ஒருகாலத்தில் தொலைக்காட்சித் தொடரில் முகம் தெரிந்த நடிகன், இப்போது விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைப்பவன். ஜாக்கின் திருமணத்துக்கு முந்தைய வாரத்தை, கலிபோர்னியாவின் சாண்டா இனெஸ் பள்ளத்தாக்கில் ஒயின் சுவைத்துக் கழிக்கலாம் என்று இருவரும் கிளம்புகிறார்கள். போகும் வழியில் தன் தாயின் பிறந்தநாளுக்கு என்று வீட்டில் இறங்கும் மைல்ஸ், அவருடைய அலமாரியிலிருந்து பணம் எடுத்துக்கொள்கிறான். படத்தில் சிரிப்புக்கு இடமிருக்கும் காட்சிகள் நிறைய உண்டு: ஏமாற்றப்பட்ட பெண் ஜாக்கின் மூக்கைத் தலைக்கவசத்தால் உடைப்பதும், உடைந்த மூக்குக்குக் காரணம் கற்பிக்க நண்பர்கள் காரை மோதவிட்டு விபத்து நாடகம் ஆடுவதும், வேறொரு வீட்டில் ஜாக் விட்டுவந்த பணப்பையை, அதற்குள் திருமண மோதிரங்கள் இருப்பதால், மைல்ஸ் தவழ்ந்து போய் மீட்டு வருவதும் அவற்றுள் சில. ஆனால் தாயின் பணத்தை எடுக்கும் காட்சியில் எங்கள் வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவயது மகன் தாயிடம் கேட்டு வாங்கக் கூசி எடுத்துக்கொள்வதில் உள்ள அவமானம் எந்த ஊராருக்கும் விளக்கம் தேவைப்படாத ஒன்று.

களத்தைப் பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியாவின் கடலோர மலைகள் பெரும்பாலும் வடக்கு தெற்காக ஓடுபவை. சாண்டா இனெஸ் பகுதியில் மட்டும் அவை கிழக்கு மேற்காகத் திரும்பியிருப்பதால் பசிபிக் கடலின் மூடுபனி பள்ளத்தாக்குக்குள் நேரே நுழைகிறது. குளிர்ச்சியை விரும்பும் பினோ நுவாருக்கு அங்கு இடம் கிடைத்ததற்கு இந்த நிலவமைப்பே காரணம். படம் வெளிவந்த பின் சாண்டா பார்பரா சுற்றுலா அமைப்பு, படப்பிடிப்பு நடந்த உணவகங்களையும் தோட்டங்களையும் குறித்து ஒரு வரைபடத்தையே வெளியிட்டது. சுற்றுலா பெருகியதில் புதிர் எதுவும் இல்லை. படம் பார்த்தவர்கள் படம் எடுத்த இடத்துக்குப் போவது நம்மூரிலும் நடப்பதுதான்.

படத்துக்கு முன்பே இருந்த நோய்

மெர்லோவின் கதையை 2004இல் தொடங்குவதுதான் வழக்கமான பாடத்தின் குறை. 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, கொழுப்பு மிகுந்த உணவு உண்டும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதயநோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தைப் பரப்பியது. அதைத் தொடர்ந்து சிவப்பு ஒயின் விற்பனை துள்ளி எழுந்தது. (இன்று மருத்துவம் அந்த இடத்தில் இல்லை, எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதென்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்துவிட்டது.) புதிதாகச் சிவப்பு ஒயினுக்கு வந்தவர்களுக்குக் கேபர்னே சோவிஞான் என்னும் வகையின் துவர்ப்பு ஒத்துக்கொள்ளவில்லை, துவர்ப்புக் குறைந்த, பெயர் எளிதில் வாயில் நுழைகிற மெர்லோ அவர்களுக்கு வசதியாக இருந்தது.

தேவை ஏறியதும் விவசாயிகள் நட்டார்கள். 1980களின் நடுவில் கலிபோர்னியாவில் சில ஆயிரம் ஏக்கரில் இருந்த மெர்லோ, 2000களின் தொடக்கத்துக்குள் சுமார் 50,000 ஏக்கரை எட்டியது. மெர்லோவுக்குப் பொருந்தாத வெப்ப நிலங்களிலும் நட்டார்கள். மகசூலை ஏற்றி மணத்தை இழந்தார்கள். திராட்சைக் கொடி நட்டு ஏறத்தாழ மூன்றாம் ஆண்டில்தான் முறையான காய்ப்புக்கு வரும் என்பதால், ஆசைப்பட்டு நட்ட காலத்துக்கும் சரக்கு வந்து குவியும் காலத்துக்கும் இடையே சந்தை மாறிவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. திரையில் மைல்ஸ் சீறிய நாளில், கடை அடுக்குகளில் இருந்த மலிவான மெர்லோவில் பெரும்பகுதி சுவையற்ற இனிப்பு நீராக இருந்தது என்பதை ஒயின் அறிந்தோர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தனர். அவனுடைய வசனம் புதுக் கருத்து அன்று, அறிந்தவர் வட்டத்தின் முணுமுணுப்பு ஒலிபெருக்கியில் கேட்டது, அவ்வளவே.

வகுப்பில் இதை விளக்கியபோது, மாட்டுத்தாவணியில் பழக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "சார், சரக்கு மூட்டைக்குள்ளயே வெம்பிப் போயிருக்கு. வெலை எறங்குனதும் சினிமாக்காரன் தலையில பழியத் தூக்கிப் போட்டுட்டாய்ங்க" என்றார். ஆய்வேடுகள் பல பக்கங்களில் சொல்வதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

எண்கள் காட்டுவது

சொனோமா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் குவெயார் தம் இணை ஆய்வாளர்களோடு 2009இல் வெளியிட்ட கட்டுரை, கடைகளின் விற்பனைப் பதிவுகளைக் கொண்டு இந்தக் கேள்வியை நேரே சோதித்தது. மெர்லோவின் விற்பனையில் படத்தின் பாதிப்பு சிறியது. அதுவும் பெரும்பாலும் பாட்டில் 10 டாலருக்குக் குறைந்த மலிவுப் பிரிவில் மட்டுமே. பினோ நுவாரில் ஏற்பட்ட நேர்விளைவு அதைவிடப் பெரியது. மெர்லோவைப் படம் அழித்துவிட்டது என்ற பேச்சுக்கு அந்த எண்கள் இடம்தரவில்லை.

இந்த முடிவை வகுப்பில் வைத்தால், பலர் இதைப் பழைய கதைக்கு ஒரு திருத்தமாக மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வாய்ப்பைத் தவறவிடுவதாகவே படுகிறது. இகழ்ச்சிக்கு இருந்த விளைவைவிடப் புகழ்ச்சிக்கு இருந்த விளைவு ஏன் பெரிதாயிற்று என்ற கேள்விக்கு விடை தேடினால், மறுபடியும் படத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

இகழ்ச்சி ஒரு நொடி, காதல் ஒரு முழுக்காட்சி

மெர்லோவை மறுக்கும் வசனம் சில நொடிகளில் முடிகிறது. உணவகத்துக்கு வெளியே, அவசரத்தில், நண்பன் மேலுள்ள எரிச்சலோடு சொல்லப்படுகிறது. பினோ நுவார் பற்றிய பேச்சோ இரவில், திண்ணையில் உட்கார்ந்து, மாயா என்ற பெண் கேட்டதற்கு விடையாக வருகிறது. மாயா உணவகத்தில் பரிமாறிக்கொண்டே தோட்டக்கலை படிப்பவள். ஒயினில் மைல்ஸுக்கு இணையான அறிவுடையவள். ஏன் பினோவின் மேல் உனக்கு இவ்வளவு பித்து என்று அவள் கேட்க, அவன் அந்தத் திராட்சையின் மெல்லிய தோலையும், எளிதில் வாடும் தன்மையையும், எங்கும் தழைக்கும் கேபர்னேயைப் போலன்றிப் பொறுமையுள்ள கைகளில் மட்டுமே அது வளரும் என்பதையும் எடுத்துச் சொல்கிறான். அவன் திராட்சையைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றியே விண்ணப்பம் வைக்கிறான் என்பது மாயாவுக்கும் தெரிகிறது, அரங்கில் இருப்பவர்க்கும் தெரிகிறது; அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அடுத்து மாயா பேசும் பேச்சு, ஒயின் உயிருள்ள பொருள், திறக்கும் நாளைப் பொறுத்துச் சுவை மாறும் என்பது, அந்த விண்ணப்பத்துக்கு அவள் தரும் பரிவான விடை.

விளம்பரத் துறையினர் கோடி கொட்டினாலும் எழுத முடியாத காட்சி இது. மைல்ஸ் எந்த வகையிலும் பொருளை விற்கத் தகுந்த ஆள் அல்லன். அளவு மீறிக் குடிப்பவன். நாவல் கடைசியாகவும் நிராகரிக்கப்பட்டதைத் தொலைபேசியில் கேட்டதும், சுவைப்புக் கூடத்தில் பிறர் துப்பிய ஒயின் கிடக்கும் வாளியைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்பவன். அவனைப் போல வாழ எவரும் விரும்பமாட்டார்கள். ஆயினும் பார்வையாளர்கள் அவன் வாழ்க்கையை விட்டுவிட்டு அவன் சுவையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தோற்றவன் ஒருவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே பெருமிதம் அந்த அறிவு என்பதால், அந்த ஒன்றிலாவது அவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பினார்கள் என நினைக்கிறேன். எந்த நிறுவனமும் அவனுக்குக் காசு கொடுத்துப் பேசச் சொன்னதாகத் தோன்றவில்லை என்பதும் உதவியது.

விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடை நடத்தும் ஒரு பங்கேற்பாளருக்கு இதில் உடன்பாடில்லை. வாங்குபவர்கள் மைல்ஸை நம்பி வாங்கவில்லை, மாயா போன்ற ஒருத்தி எதிரே உட்கார்ந்து கேட்பாள் என்ற ஆசையை வாங்கினார்கள் என்பது அவர் வாதம். கடையில் புடவை விரிப்பவருக்குத் தெரிந்த உளவியல் அது. மறுக்க என்னிடம் தரவு இல்லை. ஆனாலும் இரண்டு விளக்கங்களும் ஒரே காட்சியைத்தான் சுட்டுகின்றன, மெர்லோ வசனத்தை அல்ல.

இதற்கு மேல் படம் தன் நாயகனையே கேலி செய்யும் இடமும் உண்டு. மைல்ஸ் தன் பத்தாம் திருமண நாளுக்கென்று பாதுகாத்துவைத்த புதையல், 1961ஆம் ஆண்டின் ஷெவால் பிளாங்க். பிரான்சின் செயின்ட் எமிலியன் பகுதியில் உருவாகும் அந்த ஒயினே கேபர்னே பிராங்கும் மெர்லோவும் கலந்தது. மறுமணம் செய்துகொண்ட முன்னாள் மனைவி கருவுற்றிருப்பதை ஜாக்கின் திருமணத்தில் அறிந்தபின், அவன் அதை ஒரு துரித உணவகத்தில், பயன்படுத்தி எறியும் கோப்பையில் ஊற்றி, பர்கரோடு தனியே குடிக்கிறான். மெர்லோவை வெறுத்தவன் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த மிடறில் மெர்லோவைத்தான் விழுங்குகிறான். இந்த வேடிக்கையை அறிந்து சிரித்தவர்கள் மிகச் சிலர். வசனத்தைக் கேட்டு மெர்லோவைத் தவிர்த்தவர்களுள் இவர்கள் இருந்திருக்க வாய்ப்பில்லை.

பினோவுக்கு வந்த வினை

தேவை ஏறிய பொருளின் இயல்பு பினோ நுவாருக்கு எதிராகவே வேலை செய்தது. மெல்லிய தோல் கொண்ட அத்திராட்சைக்குக் குளிர் நிலம் வேண்டும், ஈரம் மிகுந்தால் அழுகும், மகசூலைக் கூட்டினால் சுவை போய்விடும். கடைகளில் கேட்பவர் பெருகியபோது நிலத்தால் உடனே ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்க விதிப்படி, திராட்சை வகையின் பெயரைச் சீட்டில் போடுவதற்குப் பாட்டிலுக்குள் அந்த வகை 75 சதவீதம் இருந்தால் போதும். மீதிக் கால் பங்கில் வேறு எதையும் சட்டப்படியே ஊற்றலாம். மலிவான பினோவின் நிறமும் கனமும் எங்கிருந்து வந்தன என்ற ஐயம் அறிந்தோரிடையே எழுந்தது இதனால்தான்.

சட்டத்துக்கு அப்பாலும் போனார்கள். தென்பிரான்சிலிருந்து அமெரிக்காவின் காலோ ஒயின் நிறுவனத்துக்கு 2006 முதல் 2008 வரை பினோ நுவார் என்று அனுப்பப்பட்ட ஒயின், 1.8 கோடி பாட்டில் அளவுக்கு, உண்மையில் மெர்லோவும் சிரா என்னும் இன்னொரு திராட்சை வகையும்தான் என்று தெரியவந்தது. 2010 பிப்ரவரியில் தென்பிரான்சின் கார்காசோன் நகர நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பகுதியில் விளையக்கூடிய பினோவைவிட விற்ற பினோ அதிகமாக இருந்ததுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லையே என்று குற்றம் சாட்டப்பட்ட தரப்பின் வழக்கறிஞர் வாதாடினார். அந்த வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஆனால் நமது நிகழ்வுக்கு அதைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை. மெர்லோவை வெறுத்து பினோவுக்கு மாறியவர்களில் ஒரு பகுதியினர், சீட்டு மாறிய மெர்லோவையே விரும்பிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டிக்காரர் இந்த இடத்தில் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பெயரை மாற்றிப் போட்டு விற்கும் கலை பழச்சந்தையிலும் அறியப்படாததன்று.

கம்பத்துக்கு இது பொருந்துமா

வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி இது: நம் பக்கத்துத் திராட்சைக்கு ஒரு திரைப்படம் இப்படிச் செய்ய முடியுமா? மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போனால் உத்தமபாளையத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் பந்தல்கள் தொடங்கிவிடும். முல்லைப் பெரியாற்று நீரால் வளரும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் அந்த வகையை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இப்பகுதிக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நாட்டின் பிற திராட்சைப் பகுதிகளில் அறுவடை சில மாதங்களோடு நின்றுவிட, இங்கே கவாத்து செய்யும் காலத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் கொத்து பழுத்திருக்கும். சுருளிப்பட்டிப் பக்கம் பந்தலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டுக் கிலோ கணக்கில் வாங்கிவரும் குடும்பங்களும், குமுளிக்குப் போகும் வழியில் நிறுத்தும் நடுவயது நண்பர் கூட்டங்களும் வழக்கமான காட்சி.

பழமாக விற்கும் வரையில் பொருத்தம் உண்டு. தள்ளுவண்டியில் வாங்குபவர் பன்னீர், பச்சை, விதையில்லாத கருப்பு என்று பெயர் சொல்லியே கேட்கிறார். ஆகவே ஒரு பெயரை ஏற்றிவைக்கும் காட்சி அவர் கையை நகர்த்தக்கூடும். கொடி ஏற்கெனவே காய்ப்பில் இருப்பதாலும் ஆண்டு முழுவதும் அறுப்பு நடப்பதாலும் தேவைக்கு ஈடுகொடுக்கும் வேகமும் பினோவைவிட அதிகம். ஆனால் மெர்லோவுக்கு நடந்தது இங்கும் நடக்கலாம்; மழையில் வெடித்த கொத்தும் முழுமையாகப் பழுக்காத கொத்தும் பன்னீர் என்ற பெயரிலேயே சந்தைக்கு வரத் தொடங்கினால், அந்தப் பெயரைத் தூக்கிய கையே அதை இறக்கிவிடும்.

ஒயினாக விற்பதென்றால் பொருத்தம் அறுந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் வாங்குபவர் கம்பிக்கு வெளியே நின்று, பெயரும் விலையும் சொல்லி, கொடுப்பதை வாங்கிக்கொண்டு நகர்கிறார். இரண்டு பாட்டில்களைக் கையில் எடுத்து ஒப்பிட்டு, இன்று இதை எடுத்துப் பார்ப்போமே என்று மனம் மாறுவதற்கு அங்கே நேரமும் இல்லை, அடுக்கும் இல்லை. 'சைட்வேஸ்' காட்டிய விளைவு நிகழ்ந்த இடம் திரையரங்கு அன்று, பல வகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற பல்பொருள் அங்காடியின் அடுக்கு. அந்த அடுக்கு இல்லாத ஊரில் எவ்வளவு அழகான திண்ணைக் காட்சியும் காட்சியாகவே நின்றுவிடும். இது குறையா நன்மையா என்பது பொதுநலம் பற்றிய வேறொரு விவாதம். வகுப்பில் இதைத் தொட்டால் அன்றைய பாடம் முடியாது.

பாடக்குறிப்பில் செய்யும் மாற்றம்

இந்த நிகழ்வைக் கற்பிக்கும் மற்றவர்களுக்கு என் பரிந்துரை, மெர்லோ வசனத்தைத் தொடக்கத்தில் காட்டாமல் விடுவது. அதை முதலில் காட்டினால் வகுப்பு சிரித்துவிட்டு முடிவுக்கும் வந்துவிடுகிறது. அதன்பின் எந்த அட்டவணையும் அவர்களை அசைப்பதில்லை. 1991க்குப் பின் நடவு ஏறிய கணக்கை முதலில் கொடுத்து, 2004இல் நீங்கள் கலிபோர்னியாவில் மெர்லோ விவசாயியாக இருந்தால் என்ன அஞ்சுவீர்கள் என்று கேட்கலாம். படத்தின் பெயரே தெரியாத நிலையிலும் விலைச் சரிவை எதிர்பார்ப்பவர்கள் அவர்களுள் நிறைய இருப்பார்கள். அதன்பின் திண்ணைக் காட்சியின் உள்ளடக்கத்தைச் சொல்லி, எந்தத் திராட்சை ஏறும், எந்த விலைப் பிரிவில் ஏறும் என்று எழுதித்தரச் சொல்ல வேண்டும். குவெயாரின் முடிவுகளை அவர்கள் எழுதித் தந்த பிறகே கொடுப்பது நல்லது. கார்காசோன் தீர்ப்பைத் தனிப்பாடமாக, வழங்கல் சங்கிலியில் சரிபார்ப்பு என்ற தலைப்பில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மண்டிக்காரரை வகுப்பில் பேச அழைத்தால் ஆசிரியருக்கு வேலை மிச்சம்.